மூன்றாம் தொட்டித் தையல்காரன்

அந்த இலைத்துண்டு தண்ணீர் போகிற பக்கம் போயிருந்தால் நான் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன். அது எதிர்ப்பக்கம் போனது.

காலை எட்டு மணி. பேக்கிங் அறையில் கழுவும் தொட்டியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். குழாய் திறந்திருந்தது. மிதந்த குப்பையெல்லாம் வரிசையில் நிற்பவர்கள்போல வடிகாலை நோக்கி ஒழுங்காக நகர்ந்தன. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான முட்டை வடிவத் துண்டு ஒன்று மட்டும், எதிரில் வரும் மாமனாரைக் கண்டு சந்துக்குள் திரும்பும் மருமகனைப்போல நைசாகப் பின்வாங்கியது. விரலால் தொட்டேன். நின்றது. விரலை எடுத்தேன். மறுபடி கிளம்பியது.

"அண்ணி, உங்க இலைக்கு உயிர் வந்துருச்சு."

அண்ணி கடைசிப் பெட்டியின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். "காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா தம்பி?"

"சத்தியமா. வந்து பாருங்க."

வந்தார். பார்த்தார். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி அந்தத் துண்டின் ஓரத்தில் நுழைத்து நெம்பினார். ஒரே துண்டு என்று நான் நினைத்தது இரண்டு துண்டுகள். ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஓரம் முழுக்க வெள்ளை நூலால் தைத்திருந்தது. உள்ளே சொட்டு ஈரம் இல்லை. பழுப்புத் தலையும் வெளிறிய உடம்புமாக ஒரு புழு, விளக்கைப் போட்டதும் போர்வையை இழுத்துக்கொள்கிறவனைப்போலச் சுருண்டது.

அண்ணி பின்னைக் கையில் பிடித்தபடியே சுவரோரம் அடுக்கியிருந்த நாற்பது பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்து மணிக்கு அந்தப் பெட்டிகளைச் சோதிக்க ஆய்வாளர் வருகிறார்.

எங்களுக்கு அல்லிக்கொடி வியாபாரம். பின்பக்கம் எட்டு சிமெண்டுத் தொட்டிகள், நடுவில் பேக்கிங் அறை, முன்னால் ஒரு மேஜை. தொட்டிகள் அண்ணனுடையவை, பேக்கிங் அண்ணியுடையது, மேஜையும் வாயும் என்னுடையவை. கடல் தாண்டிப் போகிற கிழங்குகள் வழியில் காயக்கூடாது. அதற்காக ஈரமான இலைத்துண்டுகளை நடுநடுவே மெத்தைபோல வைப்போம். முன்பெல்லாம் அண்ணி உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டுவார். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் மூன்றாம் தொட்டியில் வெட்டி வைத்ததுபோலவே துண்டுகள் மிதப்பதைப் பார்த்திருக்கிறார். எல்லாம் ஒரே வடிவம், ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றாம் தொட்டி அல்லியின் இலையில் மட்டும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் உண்டு. பார்க்க அழகு. சல்லடையால் அள்ளி அள்ளி வாளியில் சேர்த்தார்.

"மீன் கடிச்சுப் போட்டிருக்கும்னு நெனச்சேன் தம்பி" என்றார் இப்போது, குரல் வெளியே வராமல்.

"மீன் எங்க அண்ணி அளவெடுத்துக் கடிக்கும்?"

"உங்ககிட்ட காட்டினேன்ல? பிரமாதம்னீங்க."

உண்மை. பிரமாதம் என்றது மட்டுமில்லை. கிழங்குகளை மருந்துத் தண்ணீரில் முக்கி, கழுவி, ஒரு பூச்சிகூட இல்லாமல் சுத்தம் செய்து, அதன் பிறகு இந்த மெத்தையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோமே, அந்த மெத்தையைப் பற்றி ஒரு சீட்டும் அச்சடித்துப் பெட்டிக்கு ஒன்றாகப் போடச் சொன்னது நான்தான். 'மேலுள்ள இலைகளை எறிந்துவிடாதீர்கள். உங்கள் குளத்திலேயே மிதக்க விடுங்கள். எங்கள் தோட்டத்தின் அன்பு உங்கள் தண்ணீரிலும் வளரட்டும்.' அச்சகத்தில் கொடுத்த அன்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அண்ணி சுவரில் தொங்கிய காலண்டரைத் தூக்கினார். அதற்குப் பின்னால் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. போன வருஷம் ஒரு தண்டின் அடியில் நத்தை முட்டை அகப்பட்டபோது, முதல் எச்சரிக்கையோடு ஆய்வாளர் ஒட்டிவிட்டுப் போனது. வாங்க வருகிறவர்கள் புழுப்படங்களைப் பார்த்து மிரள்கிறார்கள் என்று அதன் மேல் காலண்டரை மாட்டியதும் அடியேன்தான். ஒன்பதாவது படம். இலையில் அதே முட்டை வடிவ ஓட்டை, பக்கத்திலேயே அதே தைத்த பொட்டலம்.

நான் வாசித்தேன். தண்ணீரில் வளரும் அந்துப்பூச்சி. மிதக்கும் இலையின் அடிப்பக்கம், ஓரமாக முட்டையிடும். பொரித்து வரும் புழு முதலில் ஈரத்தோலாலேயே மூச்சுவிடும். வளர்ந்ததும் இலையை வெட்டி, இரண்டு துண்டுகளைப் பட்டு நூலால் தைத்து, உள்ளே காற்றை அடைத்துக்கொண்டு, வீட்டையும் தூக்கிக்கொண்டு அலையும். பசித்தால் தலையை மட்டும் நீட்டி அடுத்த இலையைத் தின்னும். அந்த வீட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். பூச்சியாக வெளியே வந்தபின் சில நாள்தான் ஆயுசு. அதற்குள் ஜோடி சேர்ந்து மறுபடியும் இலையின் அடியில் முட்டை.

"வெள்ளையா, றெக்கையில பழுப்புக் கோடு போட்டதா?" என்று கேட்டார் அண்ணி. "சாயங்காலமானா மூணாம் தொட்டி மேல சுத்துமே. அழகா இருக்கேன்னு டீ டம்ளரோட நின்னு பார்ப்பேன்."

நோட்டீஸின் அடியில் சிவப்பில் இரண்டு வரிகள். பெட்டியைத் திறந்து ஆய்வாளர் கண்டுபிடித்தால், இரண்டாம் முறை என்பதால் லைசென்ஸ் ரத்து. எல்லாத் தொட்டிகளையும் வடித்து மூடவேண்டும். பெட்டியைத் திறக்கும் முன்பே நாமாகச் சொல்லிவிட்டால், சரக்கை மட்டும் அழிக்கவேண்டும். புழு உள்ள தொட்டிகளுக்கு மட்டும் சீல்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். முழங்கால் வரை சேறு. ஹேர்பின் நுனியில் நெளிந்ததைப் பார்த்தார், சிவப்பு வரியைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"எத்தனை பெட்டியில இருக்கு?"

"எல்லாத்துலயும் இந்த இலைதாங்க வச்சேன்" என்றார் அண்ணி.

"பூதக்கண்ணாடி எத்தனை பெட்டி திறக்கும்?"

பூதக்கண்ணாடி என்பது ஆய்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸைத் தொங்கவிட்டிருப்பார்.

"மூணு" என்றேன்.

"நாப்பதுல மூணு. டேய், உன் வாயால எத்தனை பேர் கையைத் திருப்பியிருக்கே. இந்த ஒரு பொம்பளை கையைத் திருப்ப மாட்டியா?"

"சொல்லிட்டா லைசென்ஸ் தப்பிக்குமேங்க" என்றார் அண்ணி.

"சரக்கு போயிரும். எட்டு மாசம் வளர்த்தது. நீ சும்மா இரு."

நான் யோசித்தேன், அண்ணன் பக்கம் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடையில் வந்து நிற்கிறவன் எதை எடுப்பான் என்பது எனக்கு மனப்பாடம். முதல் வரிசையைத் தொடமாட்டான், காட்டுவதற்கு வைத்தது என்று நினைப்பான். குனியச் சோம்பல், எட்டச் சோம்பல். இடுப்பு உயரத்தில், இரண்டாம் வரிசையில், வலது கைப் பக்கம். கை தானாக அங்கேதான் போகும். அந்த இடத்தில் சுத்தமான பெட்டிகள் இருந்தால் போதும்.

டேப்பைக் கிழித்தோம். கிழங்குகளை எடுத்து, புள்ளி இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, கொதிக்கிற அண்டாவில் கொட்டி, முதல் தொட்டியின் பச்சை இலைகளைக் கத்தரித்து வைத்து, மறுபடி மூடி, புது டேப் ஒட்டினோம். ஒரு பெட்டிக்கு ஏழு நிமிஷம். கிழங்கின் வேர் இடுக்குகளில் பொட்டலங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சிலது காலி. சிலதில் புழு. ஒன்றில் கூட்டுப்புழு, தொட்டதும் வயிற்றை ஆட்டியது. அண்ணன் டேப்பைப் பல்லாலேயே கடித்துக் கிழித்தார். வெளியே ஏதாவது வண்டி உறுமினால் மூவரும் ஒன்றாக நிறுத்தினோம், ஒன்றாகத் தொடங்கினோம்.

அண்ணி மட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நொடி தாமதித்தார். என்னவென்று பார்த்தேன். என் சீட்டைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"அதை என்ன படிப்பு? உள்ள போட்டு மூடு" என்றார் அண்ணன்.

அண்ணி சீட்டை உள்ளே போடவில்லை. ஒவ்வொரு பெட்டியின் சீட்டையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஒன்பதாவது பெட்டிக்கு டேப் ஒட்டும்போது முன்கதவு தட்டப்பட்டது. மணி ஒன்பது இருபது. நாற்பது நிமிஷம் சீக்கிரம்.

"பக்கத்துத் தெருவுல ஒரு வேலை, சீக்கிரம் முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே பூதக்கண்ணாடி முன்னறைக்குள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றி, தான் கொண்டுவந்த ரப்பர் காலணியை மாட்டினார்.

"டீ சாப்பிட்டுட்டு..." என்று இழுத்தார் கதவைத் திறக்கப் போன அண்ணி.

"வேலை முடியட்டும்."

உள்ளே அண்ணன் அண்டாவை மூடியால் மூடினார். அதற்குள் நான் ஒன்பது பெட்டிகளையும் வைக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, அவற்றுக்கு முன்னால் போய் நின்றேன். கையைப் பின்னால் கட்டி, கொஞ்சம் அசௌகரியமான முகத்தோடு. ஒளிக்கிறவனுக்குப் பின்னால் இருப்பதைத்தான் உலகம் கேட்கும்.

பூதக்கண்ணாடி பேக்கிங் அறைக்குள் வந்து, பெட்டிகளை இடமிருந்து வலமாக ஒருதரம் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

"இதுவா மேடம்? அந்தப் பக்கமும் நிறைய இருக்கே."

"இதுதான்."

தயங்கித் தயங்கித் தள்ளி நின்றேன். அவர் இடுப்பு உயரத்தில், இரண்டாம் வரிசையில், வலது கைப் பக்கம் ஒரு பெட்டியை உருவினார். பதினேழாம் எண். சுத்தமானது. அண்ணன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

பெட்டியைப் பேக்கிங் மேஜையில் வைத்தார். இன்னும் இரண்டு இப்படி அமைந்தால் முடிந்தது. கத்தியை டேப்பின் மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் படிவத்தை விரித்தார்.

"திறக்கிறதுக்கு முன்னாடி கேட்கணும். நீங்களா தெரிவிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

"உங்களைப் பத்தி நல்ல வார்த்தைதான் மேடம் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. பேனா 'இல்லை' என்ற கட்டத்தை நோக்கி இறங்கியது.

"இருக்கு" என்றார் அண்ணி.

பேனா நின்றது.

"இவளே, நீ போய் டீ போடு" என்றார் அண்ணன்.

"அவங்க வேண்டாம்னுட்டாங்க."

"எனக்குப் போடு!"

அண்ணி நகரவில்லை. இடுப்பிலிருந்து சீட்டுகளை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தார். ஒன்பது சீட்டுகள். "இதைப் படிங்க மேடம். இலையைக் குளத்துல விடச் சொல்லி எழுதியிருக்கோம். அந்த இலைக்குள்ளதான் புழு. எங்க சீட்டை நம்பி அவங்க கையாலயே கொண்டுபோய் விடுவாங்க. நீங்க மூணு பெட்டியைப் பார்த்துட்டுப் போயிருவீங்க. மிச்சம் போய்ச் சேரும்ல?"

பூதக்கண்ணாடி சீட்டைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். கத்தியை மட்டும் எடுக்கவே இல்லை.

"யார் எழுதினது? நல்லா இருக்கு" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"லைசென்ஸ் யார் பேர்ல?"

"என் பேர்லயும் தம்பி பேர்லயும்" என்றார் அண்ணன்.

"அப்ப இவங்க சொன்னா நான் எழுத முடியாது. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லணும்." என் பக்கம் திரும்பினார். "நீங்க இல்லைன்னீங்க. இவங்க இருக்குங்கிறாங்க. டேப் இன்னும் கிழியல. எதை எழுதட்டும்?"

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் எட்டு மாதம் இருந்தது. பதினேழாம் பெட்டி சுத்தம். அண்ணிக்கு உடம்பு சரியில்லை, ராத்திரி தூக்கமில்லை, என்னென்னவோ சொல்லலாம். இரண்டு வாக்கியத்தில் கதையைத் திருப்பிவிடுவேன், அது என் தொழில். ஆனால் நாற்பது ஊரில் நாற்பது பேர் பெட்டியைப் பிரித்து, என் வரியைப் படித்து, 'அட, எவ்வளவு அக்கறை' என்று சொல்லிக்கொண்டே புள்ளி இலைகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு குளத்தை நோக்கி நடக்கிற காட்சி கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்றது. அவ்வளவு நன்றாக விற்றிருந்தேன்.

"அண்ணி சொன்னதுதான் மேடம். இருக்கு."

என் வாழ்நாளில் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு வார்த்தை கொடுத்தது அதுதான் முதல்முறை.

அண்ணன் ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

பூதக்கண்ணாடி 'உண்டு' என்ற கட்டத்தில் குறியிட்டார். "சரக்கு வெளியே போகாது, அழிச்சாகணும். இப்ப தொட்டிகளைப் பார்க்கணும். எட்டுலயும் இருந்தா எட்டுக்கும் சீல். அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பின்பக்கம் போனோம். அதுவரை அண்ணனும் நானும் மற்றத் தொட்டிகளைப் பற்றி நினைக்கவே இல்லை. பூச்சிக்கு இறக்கை இருக்கிறது. மூன்றாம் தொட்டிக்கும் நான்காம் தொட்டிக்கும் நடுவில் இருப்பது ஒரு முழ அகலச் சுவர்.

முதல் தொட்டி. இலை இலையாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தார். இல்லை. இரண்டாவது. இல்லை. மூன்றாவதில் திருப்பவே தேவைப்படவில்லை. அல்லி இலைகளின் ஓரமெல்லாம் பொத்தான் தைக்க மறந்த ஓட்டைகள்போல நீள்வட்டங்கள். அண்ணி, தான் கையோடு கொண்டுவந்திருந்த ஒரு புள்ளித் துண்டை எடுத்து ஓட்டை ஓட்டையாகப் பொருத்திப் பார்த்தார். ஐந்தாவது ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. பாதியில் அறுந்த சிவப்புப் புள்ளிகூட மறுபாதியோடு சேர்ந்தது.

"பெட்டியில இருக்கிறது எல்லாமே புள்ளி இலையா?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

"புள்ளி இலை மட்டுந்தான். அழகுக்காக. வேற தொட்டியில நான் ஒண்ணும் எடுக்கல" என்றார் அண்ணி.

நான்கு, ஐந்து. இல்லை, இல்லை. ஆறாவது தொட்டியில் குனிந்தவர் நிமிரவில்லை.

"இங்க ஒண்ணு."

ஓர் இலையின் ஓரத்தில் ஒரு வாய் அளவுக்குத் துண்டைக் காணோம். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பூதக்கண்ணாடி இலையை வெட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பக்கம் பார்த்தார். ஓரம் பார்த்தார். மறுபடி அடிப்பக்கம். அவர் தலைக்கு மேல் ஒரு கொசு சுற்றியது. அதை விரட்டக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஓரம் பிய்ஞ்சிருக்கு பாருங்க" என்றார் அண்ணி, மெதுவாக. "அந்தத் தையல்காரன் வெட்டினா கத்தரிக்கோல்ல வெட்டின மாதிரி இருக்கும். இது பிச்சுத் தின்னது. இந்தத் தொட்டியிலதான் பெரிய மீன் விட்டிருக்கோம்."

சொல்லி வாய் மூடவில்லை, தொட்டியின் மூலையிலிருந்து ஒரு தடித்த கெண்டை மேலே வந்து, பக்கத்து இலையை ஒரு கடி கடித்து இழுத்துவிட்டுப் போனது. அந்த மீனை அன்றைக்கு நான் கும்பிட்டிருப்பேன், ஈரக்கையாக இருந்ததால் விட்டேன்.

ஏழு, எட்டு. இல்லை.

மூன்றாம் தொட்டிக்கு வலை போர்த்தி, கயிறு கட்டி, சீல் வைத்தார். நாற்பது பெட்டிச் சரக்கும் அவர் கண்ணெதிரில் அண்டாவில் இறங்கியது. அண்ணன் தானே கொட்டினார், எங்களைத் தொடவிடவில்லை. ஒவ்வொரு கிழங்காகப் போட்டார். லைசென்ஸ் என் மேஜை மேல், அதே கண்ணாடிச் சட்டத்துக்குள், அப்படியே இருந்தது. கொட்டி முடித்ததும் அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு அண்ணியிடம் போனார்.

"நீயாவது சொன்னே" என்றார். பிறகு, "இனிமே டீ எனக்கு நானே போட்டுக்கிறேன்" என்றார்.

"அதையும் எழுதிக் குடுங்க, மேடம் கையெழுத்துப் போடட்டும்" என்றார் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

பூதக்கண்ணாடியை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். காலணியை மாற்றும்போது, மனது கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க எடுத்த பெட்டியில ஒண்ணுமே இல்ல."

"தெரியும்."

"எப்படி?"

"முப்பத்தோரு பெட்டியில டேப் ராத்திரி ஈரத்துல மங்கிக் கிடந்துச்சு. ஒன்பதுல பளபளன்னு இருந்துச்சு. உள்ள வரும்போதே எண்ணிட்டேன். மிச்ச ரெண்டும் மங்கினதுலதான் எடுத்திருப்பேன்."

"அப்ப முதல்ல ஏன் அதை எடுத்தீங்க?"

"உங்க மூஞ்சியைப் பார்க்கத்தான்" என்று செருப்பின் வாரை மாட்டினார். "எங்கப்பா துணிக்கடை வச்சிருந்தார் தம்பி. கடைக்காரன் எந்தச் சரக்குக்கு முன்னாடி மறைச்சு நிப்பான்னு எனக்குத் தெரியாதா? எடுத்ததும் உங்க முகம் எப்படி மலர்ந்துச்சு தெரியுமா?"

அவர் போனபின் பேக்கிங் அறைக்குத் திரும்பினேன்.

உள்ளே அண்ணி ஸ்டூல் மேல் ஏறி, காலண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த நோட்டீஸைப் பிரிச்சு முன் ரூம்ல உங்க மேஜைக்குப் பின்னாடி ஒட்டுங்க. வர்றவங்க கண்ணுல படணும்."

"வியாபாரம் போயிடும் அண்ணி."

"அதுக்குத்தானே உங்களுக்கு வாய் இருக்கு" என்றார், இலை வெட்டும் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே.